சாப்பல் ரோட்டில் ஒரு ஓட்டு குறைந்தது

வியாழன், இரவு.

ஹெர்வே லிஸோட் தன் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் வார்ப்பிரும்பு விறகடுப்பு. அதன் விளிம்பில் ரத்தம் உறைந்திருந்தது. அடுப்பில் சூடு மிச்சமிருந்தது. அவர் உடம்பில் இல்லை.

பார்த்தது பக்கத்து வீட்டு ஜெர்மேன் ஒலெட். மாதா கோயில் கூடத்தில் நடக்கும் பிங்கோவுக்கு அவரைக் கூட்டிப்போக வந்தவள்.

"வழுக்கி விழுந்துட்டார் போல" என்றார் உள்ளூர் போலீஸ் தலைவர் ஆல்வின் சீர்.

எடித் மெரில் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு சட்டைப் பொத்தான்களை எடுத்தாள். மாநிலப் போலீஸின் கொலைப்பிரிவிலிருந்து வந்திருந்தாள். பனிச்சாலையில் நான்கு மணி நேரப் பயணம். இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.

"வழுக்கி விழறவங்க தன் சட்டையைத் தானே பிடிச்சு இழுக்க மாட்டாங்க, சீஃப்."

வாசலுக்கு வந்தாள். கதவை ஒட்டிச் சுவரில் தகரத் தபால் பெட்டி. மூடியைத் தூக்கினாள். மின்சார பில், விதைக் கம்பெனியின் விலைப் புத்தகம். அவற்றின் மேல் ஒரு தேர்தல் அட்டை. வழுக்கைத் தலை சிரித்தது: 'ரோசேர் ஸிரோவா, மீண்டும் உங்கள் பிரதிநிதி.' கீழே நீல மையில்: 'வந்திருந்தேன். பார்க்க முடியவில்லை. ரோசேர்.'

"தபால் எப்ப வரும்?"

"மத்தியானத்துக்கு முன்னால. அட்டை தபாலுக்கு மேல இருக்குன்னா..." சீர் மீசையைத் தடவினார். "கடவுளே. செவ்வாய்க்கிழமை தேர்தல், மேடம்."

ஜெர்மேன் தன் ஜன்னலிலிருந்து ஓர் ஆளைப் பார்த்திருந்தாள். சாயங்காலம் மங்கும் நேரம். லிஸோட் வீட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்ற ஆள்.

"ஆணா, பெண்ணா?"

"ஆரஞ்சு."

"என்னது?"

"ஆரஞ்சு மேல்கோட்டு, ஆரஞ்சுக் குல்லா. மான் வேட்டை சீசன், அம்மாடி. இந்த மாசம் எங்க பாதிரியாரே ஆரஞ்சுதான். இல்லேன்னா யாராவது சுட்டுத் தொலைப்பான்."

"உங்க வீட்டுக்கு ரோசேர் வந்தாரா?"

"நான் பின்கட்டுல இருந்தேன். அட்டை மட்டும் கதவு இடுக்குல செருகியிருந்துது. பொல்லாத மனுஷன், அந்தப் படத்துல இருக்கறது பத்து வருஷத்து முந்தின மூஞ்சி."

வெள்ளி, காலை.

செயின்ட் ஓடிலில் ஒரே காபிக்கடை. சீர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ரோசேரின் கதையைச் சொன்னார்.

ரோசேர் ஸிரோவா உருளைக்கிழங்கு விவசாயி. முதல் தேர்தலில் உற்சாகம் தாங்காமல் ஊரிலுள்ள தபால் பெட்டிகள் எல்லாவற்றிலும் தன் அட்டையைத் திணித்தார். தபால் ஆபீஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாம்ப் காசு கட்டு என்றது. கட்டினார். தோற்றார். பல வருஷம் ஊர் அவரை 'ஸ்டாம்ப்' என்றே கூப்பிட்டது. அடுத்த முறை ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஜெயித்தார். தொடர்ந்து நான்கு முறை. அதற்கு மேல் தொடர்ச்சியாக நிற்க இந்த மாநிலச் சட்டம் விடாது. ஒருமுறை ஒதுங்கி, மேல்சபைக்கு முயன்று, அங்கே மண்ணைக் கவ்வி, மறுபடி கீழ்சபைக்கே வந்து சேர்ந்தார். இரண்டு பாலங்களும் ஒரு மருத்துவமனையும் அவர் மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் சண்டை போட்டு வாங்கியவை. மனைவி மூன்று வருஷத்துக்கு முன் இறந்தாள்.

"லிஸோட்டுக்கும் அவருக்கும் என்ன பகை?"

சீர் குரலைத் தாழ்த்தினார். "லிஸோட் ரிட்டயர் ஆன சுங்க அதிகாரி. வாழ்நாள் முழுக்கப் பாலத்து மேல நின்ன ஆள். வீட்டு ஜன்னல்லயும் பாலம் தெரியும். ரோசேர் வண்டி தினமும் சாயங்காலம் நதியைத் தாண்டி கனடாவுக்குப் போகுது, காலையில திரும்பி வருதுன்னு கண்டுபிடிச்சுட்டார். மக நொயெல்லாவும் மருமகன் காயெதானும் அங்கதான் இருக்காங்க."

"மக வீட்டுல தூங்கறது குத்தமா?"

"தொகுதிக்குள்ள குடியிருக்கணுமே. இவர் நாட்டுக்குள்ளயே இல்ல. புதன்கிழமை இதே மேஜையில லிஸோட் சத்தமா சொன்னார்: 'வெள்ளிக்கிழமை காலையில டவுன் ஆபீஸுக்குப் போறேன். ஸ்டாம்ப் பேரை ஓட்டுச் சீட்டுலேர்ந்து கிழிக்கறேன்.'"

இன்றுதான் வெள்ளிக்கிழமை.

ரோசேர் போலீஸ் அறையில் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேத்து சாப்பல் ரோட்டுல இருந்தீங்க."

"மேல் பாதி எனக்கு. கீழ்ப் பாதி நொயெல்லாவுக்கு. காயெதான் நெடுஞ்சாலையில போர்டு நட்டான். ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தான் போனோம்."

"லிஸோட் வீடு ரெண்டு பாதிக்கும் நடுவுல. போனீங்களா?"

"இல்ல. அவன் ஓட்டு எனக்கு விழாது. விழாத ஓட்டுக்கு ஏன் படி ஏறணும்? முழங்கால் என்னோடது."

"உங்க அட்டை அங்க இருந்துது."

"இருக்காது. கதவை நல்லாப் பாத்தீங்களா?"

"கதவுல இல்ல, தபால் பெட்டியில. உங்க கையெழுத்தோட."

ரோசேர் குல்லாவை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். எதிராளியின் எந்தக் கேள்விக்கும் மேடையில் பதில் வைத்திருந்த மனிதர்.

"என் வக்கீல் வரட்டும்" என்றார்.

வெளியே நொயெல்லா காத்திருந்தாள். முப்பதைத் தாண்டியவள். கண்கள் வீங்கியிருந்தன.

"அட்டையில எழுதறது யாரு?"

"அப்பாதான். காலையில சாப்பிட்டுக்கிட்டே ஒரு குவியல் எழுதிடுவார். ஆளுக்கு ஒரு கட்டு. பாக்கெட்டுல போட்டுக்கிட்டுக் கிளம்புவோம். காயெதானும் ஒரு கட்டு வெச்சிருப்பார்."

"வீட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே 'வந்திருந்தேன்'னு எழுதிடுவாரா?"

"தேர்தல், மேடம்."

எடித்துக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை.

பிற்பகல் முழுவதும் அவள் சாப்பல் ரோட்டில் வீடு வீடாகத் தட்டினாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. பதில்களும் ஏறக்குறைய ஒன்றே. கதவு இடுக்கில். கைப்பிடியில் ரப்பர் வளையத்தோடு. மிதியடிக்கு அடியில். ஒரு வீட்டில் நாய் தின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது சீர் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

"அரசு வக்கீல். நாளைக்கு மத்தியானம் ரோசேரைக் கைது பண்ணணுமாம். காரணம் இருக்கு, அட்டை இருக்கு, ஆரஞ்சுக் கோட்டு இருக்கு."

"ஆரஞ்சுக் கோட்டு உங்ககிட்டயும் இருக்கு."

"என் பேர் ஓட்டுச் சீட்டுல இல்லியே. கைது ஆனா அவர் கதை முடிஞ்சுது, மேடம். விடுதலை ஆனாக்கூட."

"அட்டை எங்க இருந்துதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நீங்கதான் வாயை மூடிக்கச் சொன்னீங்க. ரோசேர்கிட்ட சொன்னதே நீங்கதான்."

"நல்லது."

சனி, காலை.

ரோசேரின் வீடு. மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். வக்கீல் வழியில் இருந்தார். காயெதான் உயரமான, கூச்ச சுபாவமுள்ள ஆள். நதிக்கு அந்தப் பக்கம் காகித ஆலையில் மேற்பார்வையாளர். மாமனாருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை போதுமா, மாமா?"

"போதும்டா."

எடித் ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போய்விட்டார்கள்.

"எனக்குத் தேர்தல் வேலை தெரியாது. ஜூரிக்கு விளக்கிச் சொல்லணும். வீட்டுல ஆள் இல்லேன்னா என்ன பண்ணுவீங்கன்னு ஒருத்தர் செஞ்சு காட்டுங்க. காயெதான், நீங்க எழுந்து நிக்கறீங்க, நீங்களே போங்க."

காயெதான் தோளைக் குலுக்கினான். "நான் போர்டு நடற ஆளு. ஆனா எங்க ஊர் நகரசபைத் தேர்தல்ல நிறைய சுத்தியிருக்கேன்." அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

நொயெல்லா வாசற்படியில் நின்று பார்த்தாள். சீர் அவளுக்குப் பின்னால். எடித் காயெதானைப் பார்க்கவில்லை. ரோசேரைப் பார்த்தாள்.

ரோசேர் கண்களை மூடிக்கொண்டார்.

எதிர்வீட்டுப் படியில் காயெதான் கதவைத் தட்டினான், ஒழுங்காகக் காத்திருந்தான், பிறகு பெட்டியின் மூடியைத் தூக்கினான்.

"ஏய்! பெட்டிக்குள்ள போடாத!" என்று நொயெல்லா கத்தினாள். "மறுபடியும் ஸ்டாம்ப் காசு கட்டச் சொல்வாங்க! எத்தனை தடவை..."

நிறுத்தினாள். அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவன் போர்டு நடுபவன்.

"தெரியாதா உனக்கு?" என்றாள், மெதுவாக.

"எது தெரியாதா?" என்றான் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து.

காயெதான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு எடித் பேசினாள்.

"இந்த நாட்டுல அந்தப் பெட்டி நம்ம சுவத்துல தொங்கினாலும் நம்மளது இல்ல. தபால்துறையோடது. ஸ்டாம்ப் ஒட்டாத காகிதத்தை அதுல போடக்கூடாது. கதவு தட்டி ஓட்டுக் கேக்கற யாருக்கும் முதல் நாள் சொல்லித்தர்ற பாடம் அது. இந்த ஊர்ல அதைச் சொல்லிக்கூடத் தரவேண்டாம். உங்க மாமனாருக்குப் பட்டப்பேரே அதுதான்."

காயெதான் கோப்பையைப் பார்த்தான்.

"நேத்து சாப்பல் ரோடு முழுக்கக் கேட்டேன். அட்டை கிடைச்ச ஒரு வீட்டுலகூடப் பெட்டியில இல்ல. ரோசேர் போட்டிருந்தா கதவுல இருந்திருக்கும். நொயெல்லா போட்டிருந்தா கதவுல இருந்திருக்கும். ரோசேர் மேல பழி போடணும்னு இந்த ஊர்க்காரன் எவனாவது நினைச்சிருந்தாலும் கதவுலதான் செருகியிருப்பான். நதிக்கு அந்தப் பக்கம் அப்படி இல்ல. அங்க பெட்டி வீட்டுக்காரரோடது. யாரும் எதையும் போடலாம். அட்டைக் கட்டு மூணு பேர்கிட்ட இருந்துது. அதுல அந்தப் பக்கம் கத்துக்கிட்டவர் ஒருத்தர்தான்."

"பழி போட இல்ல" என்றான் காயெதான். "சத்தியமா இல்ல. வெளிய வந்தப்ப பக்கத்து ஜன்னல்ல அந்தம்மா நின்னாங்க. ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரி ஏதாவது செய்யணும்னு தோணுச்சு. கையில அட்டை இருந்துது. மாமா கையெழுத்துன்னுகூட அப்ப நினைக்கல."

"உள்ள என்ன நடந்துது?"

"டவுன் ஆபீஸுக்குப் போகாதீங்கன்னு கெஞ்சினேன். 'உன் மாமனுக்குப் பொண்டாட்டி இல்லாத வீட்டுல தூங்கப் பயம்'னு சிரிச்சார். சட்டையைப் பிடிச்சேன். தள்ளிவிட்டேன். ஒரே தள்ளு."

"உங்களை யார் அனுப்பினது?"

காயெதானின் பார்வை போன இடத்தைக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"பேசிட்டு வான்னுதான் சொன்னேன்" என்றார் ரோசேர். "எங்க தரப்புலேர்ந்து ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான்."

"அட்டை பெட்டியில இருந்துதுன்னு நான் சொன்னவுடனே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் எடித்.

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"அவன் என் மக புருஷன்."

நொயெல்லா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் சொல்லியிருப்பியா, அப்பா?"

"நொயெல்லா..."

"கேக்கறேன் இல்ல. இவரை ஏன் அனுப்பினேன்னு யாராவது கேட்டா, நீ எங்க தூங்கறேன்னு சொல்லணும். அதனாலதான் வாயைத் திறக்கல. அவருக்காகவா? எனக்காகவா? நிஜத்தைச் சொல்லு."

ரோசேர் யோசித்தார். பொய் சொல்லவில்லை. அதைவிடக் கெட்டது அந்த யோசனை.

நொயெல்லா புருஷனுடைய கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டாள். சீர் விலங்கை வெளியே எடுக்கவில்லை. காருக்குள் ஏற்றும்போது அவன் தலை இடிக்காமல் கையை வைத்துக்கொண்டார்.

செவ்வாய்.

சீட்டுகள் அச்சாகி வெகுநாளாகிவிட்டன. ரோசேர் பெயர் அதில் இருந்தது. காபிக்கடையில் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: மருமகனைக் காட்டிக் கொடுக்காமல் ஜெயிலுக்குப் போகத் துணிந்த மனுஷன். மகளின் கேள்விக்கு அவர் யோசித்து நின்றதைப் பார்த்தவர்கள் நால்வர்தான். சீர் வாய் திறக்கவில்லை. எடித் தெற்கே திரும்பிவிட்டாள். மற்ற இருவரையும் யாரும் கேட்கவில்லை.

தன் வாழ்நாளிலேயே அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அவருடைய குடியிருப்பைப் பற்றி டவுன் ஆபீஸுக்கு எந்தப் புகாரும் வரவில்லை. வந்திருந்தாலும் நின்றிருக்காது. நொயெல்லா தன் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டாள். பொழுது சாய்ந்தால் ரோசேரின் வண்டி இப்போது அவர் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. சட்டம் கேட்டபடி, தொகுதிக்குள், மனைவி இறந்த அந்த வீட்டில், பிரதிநிதி தினமும் இருக்கிறார். வேறு போக்கிடமில்லை.