பகைச் சாவி

காலைத் தண்ணீர் வருவதற்குச் சற்று முன், தெருக்குழாயின் அருகே நின்று ஜெசிந்தாவும் பிலோமினாவும் சண்டையிடுவது வழக்கம். குழாய்க்கம்பத்தின் ஒலியுணரி இருவர் குரலையும் பதிந்துகொள்ளும். பொதுச்சுவரைத் தள்ளிக் கட்டியது யார் என்பதே வழக்கு. சுவர்த் தகராறு தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தும் சண்டை ஒழுங்காக நடந்தது. நடந்தாக வேண்டியிருந்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை ஒரு காலத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் தன் பிடியில் வைத்திருந்தார். மென்பொருளில் அவர் ஒரு வரியை மாற்றினால் ஊரே வறண்டது. பிறகு நீர்ப்பகிர்வை ஏற்ற பிணைவலை என்னும் கணினி வலைக்கு மையம் என்று ஒன்றில்லை. அது எல்லாக் குழாய்க்கம்பங்களிலும் பரவியிருந்தது. ஒரு தெருவின் நீர்விதியை மாற்ற, விரல்ரேகையைச் சாவியாகக் கொண்ட ஐந்து சாவியர் ஒரே வேளையில் விரல் பதிக்க வேண்டும். அவர்கள் கூடிப் பேசி விலைபோய்விடக் கூடாது என்பதால், ஒட்டுறவு இல்லாதவர்களையே வலை தேர்ந்தெடுத்தது. யார் வீட்டுக்கு யார் போகிறார், யாருக்கு யார் மொய் வைக்கிறார் என்பதை நெருக்கமானி அளந்தது. அளவு மிஞ்சினால் இருவர் சாவியும் செல்லாது. அறிவார்ந்த ஏற்பாடுதான், பக்கத்து வீடு என்று ஒன்று உலகில் உண்டு என்பதை மட்டும் அது கணக்கில் கொள்ளவில்லை.

ஜெசிந்தாவும் பிலோமினாவும் அந்த ஐவரில் இருவர். எனவே அவர்களின் நட்பு உணரிகள் இல்லாத புழக்கடையில், பிலோமினாவின் கணவர் மிக்கேல் வழியாக நடந்தது. ஜெசிந்தா அறுவைச்சிகிச்சை முடிந்து படுத்திருந்த நாட்களில் கஞ்சித் தூக்கைச் சுவருக்கு மேலே நீட்டியவர் அவர்தான்.

அந்த மிக்கேல் ஒரு கோடைக்கால விடியலில் மாரடைப்பால் இறந்தார்.

செய்தி பரவியதும் வலைப்பொறியாளர் ஆவுடையப்பன் ஜெசிந்தாவைத் தேடி வந்தார். நிலையத்தில் வடிகட்டிகளை மாற்றியிருந்தார்கள். மறுநாள் நண்பகலுக்குள் புதிய அழுத்தவிதி பதிவாகாவிட்டால் தெருவின் மடை தானே மூடிக்கொள்ளும். சாவி செல்லாமல் போனால், வேறு சாவியரைத் தேர ஒரு மாதமாவது ஆகும்.

“நாளைக்கு விரல் வைக்கிற வரைக்கும் துட்டி வீட்டுக்குப் போயிராதீங்கக்கா.”

“அடக்கம் இன்னைக்குச் சாயங்காலம், தம்பி. நாளைக்குப் போயி யாரைப் பாக்க?”

ஜெசிந்தா விடவில்லை.

“சண்டைக்காரியும் சாவு வீட்டுக்குப் போவான்னு உங்க மிஷினுக்கு ஒருத்தரும் சொல்லித் தரலியா?”

“சொன்னோம்க்கா. அதுக்கு விலக்குக் குடுத்தா, பேரத்தையெல்லாம் துட்டி வீட்ல வச்சே முடிச்சிருவாங்கன்னு குழுவுல மறுத்துட்டாங்க.”

பிறகு தெருவே திரண்டு வந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடுகளைச் சொன்னார்கள். சென்ற முறை லாரித் தண்ணீர் குடித்து வாந்திபேதி கண்டதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் துட்டி கேட்கப் போனார்கள். பெட்டி தெருவைக் கடந்தபோது ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மறுநாள் காலை பிலோமினா கறுப்புச் சேலையில் நீரேற்று நிலையத்துக்கு வந்து, மற்ற நால்வரோடு விரல் பதித்தாள். ஜெசிந்தா அவளை உணரி இல்லாத வெளிவாசல்வரை பின்தொடர்ந்தாள்.

“வரக்கூடாதுன்னு இல்ல பிலோமி. தண்ணிக்காகத்தான்…”

“தெரியும். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். பெட்டிய மூடுறப்போ எல்லாரும் இருந்தாங்க. நான் உன்னைத்தான் தேடுனேன்.”

அவள் போய்விட்டாள். தெருவில் தண்ணீர் தடையின்றி வந்தது. ஜெசிந்தா சாவுக்குக்கூடப் போகாததால், இருவர் மீதும் வலைக்கு இருந்த ஐயம் அடியோடு நீங்கிவிட்டது என்று ஆவுடையப்பன் நிம்மதியோடு தெரிவித்தார். பிலோமினா வீட்டுக்கு இனியாவது வெளிப்படையாகப் போவதற்கு, சாவியைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டாள் ஜெசிந்தா. உண்டு, ஆனால் எவரையும் மிரட்டி விலக்கிவிடக் கூடாது என்பதற்காக, மற்ற நால்வரின் ஒப்புதலும் தேவை என்றார் அவர்.

முன்பின் அறியாத மூவரும் அன்றே ஒப்புக்கொண்டார்கள். பிலோமினா மறுத்துவிட்டாள்.