தானாக இறங்கும் கால்

நரம்புப் பரிசோதனை அறை அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் கடைசி வராந்தாவில் இருந்தது. நடுப்பகலிலும் அங்கே வெளிச்சம் மனசில்லாமல்தான் வந்தது. ஸ்பிரிட் வாடை, அதற்கு அடியில் ஈரச் சுவரின் வாடை. மனைவியின் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பிரேக் வாத்தியார்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதை மிதித்தே ஊரைக் காப்பாற்றுகிறார் என்று கிண்டலாக வைத்த பேர். இப்போது மூன்று மாதமாக அந்த வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, திடுதிப்பென்று தரையை மிதிக்கும். ஒரு டாக்டர் வைட்டமின் குறைவு என்றார், இன்னொருவர் முதுகெலும்பு என்றார், மூன்றாமவர் நன்றாகத் தூங்கச் சொல்லிக் கைகழுவிவிட்டார். என்ன வியாதி என்று தெரியாமல் வண்டியில் ஏற வேண்டாம் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனிதர், பாவம், ஒடுங்கிப்போனார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. வெறுங்காலோடு ஓட்டப் பழகிய ஒரு பெண். பயம் வந்தால் பிரேக்கை மறந்து இவர் காலையே பார்ப்பாள். இன்னும் பத்து நாள் கூட வரும்படி கெஞ்சினாள். போதும் போம்மா என்று டெஸ்டுக்கு அனுப்பிவிட்டார். தனியாக ஓட்டிய முதல் நாளே லாரிக்கு அடியில் போய்விட்டாள். பிரேக்கே போடவில்லை என்றார்கள்.

அறைக்குள், பரிசோதிக்கும் அம்மா அவர் கெண்டைக்காலில் ஒயர் கோத்த ஊசியை இறக்கினார். தசை வேலை செய்தால் ஒயரின் மறுமுனையில் இருந்த பெட்டியில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வருமாம். மிதிக்கச் சொன்னார். சடசடவென்று மழை. காலைத் தளர்த்தச் சொன்னார். நின்றது. இனி அது தானாக வரட்டும் என்று காத்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

கால் இறங்கியது.

பெட்டி சத்தமே போடவில்லை.

அந்த அம்மா ஒயரைச் சரிபார்த்தார். மறுபடி கால் இறங்கியது. மறுபடி அதே மௌனம்.

"சார்..." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்க தசை சும்மாதான் இருக்கு. கால் மட்டும் இறங்குது."

"அப்படின்னா?"

"மேலேருந்து யாரோ மிதிக்கிற மாதிரி."

வாத்தியார் குனிந்து பார்த்தார். புறங்காலில் தோல் குழிந்து வெளுத்திருந்தது.

ஐந்து சின்னக் கால்விரல்களின் தடம்.

ஊசியை உருவித் தட்டில் போட்டார் அந்த அம்மா. அதற்குள் டாக்டர் வந்தார். வரைபடத்தைப் புரட்டினார். நரம்பும் தசையும் கல்லு மாதிரி இருக்கின்றன, நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். வாசலில் நின்ற மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாத்தியார் கை கூப்பினார்.

"டாக்டர், ஏதாவது ஒரு வியாதி பேர் எழுதிடுங்க. நான் வண்டியில ஏறக் கூடாது."

பேனா பாதியில் நின்றது. பெட்டியில் மழை பெய்துகொண்டிருந்தது.

தட்டில் கிடந்த ஊசி யார் உடம்பிலும் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. வாத்தியாரின் கால் தரையோடு தரையாக அழுந்தியது.

அவர் அழுதுவிட்டார்.

"விடும்மா," என்றார், காலைப் பார்த்து. "இது தரைம்மா. இங்க பிரேக் இல்ல."

அழுத்தம் குறையவில்லை.