தப்பாக ஷூ போட்ட யானை

அன்று காலையும் அப்பா தம்பிக்கு ஷூவை மாற்றித்தான் மாட்டினார். இடது ஷூ வலது காலில், வலது ஷூ இடது காலில். தினமும் நடக்கிற கூத்து அது.

"அப்பா, தப்பு!" என்று கத்தினான் தம்பி.

"அப்படியா? அப்போ காலைக் கழட்டி மாத்திடலாமா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவும் நுரையோடு சிரித்தாள்.

அன்று அப்பா வேலையிலிருந்து திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அதன் பிறகு தம்பி பேசவே இல்லை. "சின்னப் பிள்ளைதானே, தானா சரியாகிடும்" என்றார் மாமா. அம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் தம்பிக்கு உடை மாற்றிவிட்ட அக்கா திடுக்கிட்டாள். முழங்காலில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. பள்ளியில் விழுந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. வலித்தால்கூடவா சொல்ல மாட்டான்?

மறுநாள் அவள் நேராக யானை மிஸ்ஸிடம் போனாள். அவர்தான் பள்ளியின் ஆலோசகர். மனசு சரியில்லாத பிள்ளைகள் அவர் அறைக்குப் போவார்கள். ஆள் என்னவோ குச்சிபோல் ஒல்லி. யானை இருந்தது அவருடைய டேப்லெட்டில். மிஸ்ஸின் போனில் யாராவது பேசினால், அந்த யானை வாயை அசைத்துக் கரகரத்த குரலில் அதையே சொல்லும். ஆட்களிடம் பேசத் தயங்குகிறவர்கள்கூட யானையிடம் பேசிவிடுவார்கள்.

"உன் தம்பிகிட்ட யானையும் பேசிப் பார்த்துடுச்சும்மா. 'எப்படி இருக்கே, என்ன கஷ்டம்'னு எத்தனையோ கேட்டுச்சு. அவன் வாயே திறக்கல" என்றார் மிஸ்.

அக்கா யோசித்தாள். "கேள்வி கேட்டா பேச மாட்டான் மிஸ். யாராவது தப்பு பண்ணினாத்தான் பேசுவான். யானைக்கு ஷூ போட முடியுமா?"

"ஓ, தொப்பிகூடப் போடலாமே!"

தம்பி வந்து உட்கார்ந்தான். அக்கா மிஸ்ஸின் போனோடு ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு!" என்றது யானை. மிஸ் டேப்லெட்டில் ஒரு ஷூவை விரலால் இழுத்து யானையின் தும்பிக்கையில் மாட்டினார். "ஆகா, கச்சிதமா இருக்கு!"

தம்பி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

மிஸ் அதைக் கழற்றி யானையின் வலது காலில் மாட்டினார். "அப்பாடா! இப்ப சரி" என்றது யானை.

தம்பி துள்ளி எழுந்தான். "தப்பு! அது இடது ஷூ!"

"அப்படியா? அப்போ காலைக் கழட்டி மாத்திடலாமா?"

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழ ஆரம்பித்தான். அக்கா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, முட்டி வலிக்குது" என்றான் அவன்.

"திரும்ப மருந்து போடலாம்டா, வா."

தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "யானை நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். கீழ உன் காலு தெரிஞ்சுது."

மறுநாள் காலை தம்பி தன் ஷூவைத் தானே கையில் எடுத்தான். இடது ஷூவுக்குள், அடையாளத்துக்காக அப்பா வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.