கரடியின் வயிற்று விளக்கு

மூன்று நாளாகக் கரடி எரியவில்லை. வயிற்றுக்குள் விளக்கு வைத்துத் தைத்த பஞ்சுக் கரடி அது. மின்சாரம் போகும் நேரமெல்லாம் மூன்று வயது ஜவாத் அதன் மஞ்சள் வெளிச்சத்தைக் கட்டிக்கொண்டுதான் படுப்பான். பெய்ரூட்டில் மின்சாரம் போகும் நேரம் என்றால் ஏறக்குறைய நாள் முழுவதும்தான். கரடியின் முதுகு ஜிப் வழியாக உள்ளே போகும் ஒயரை அவன் அம்மா ஹனாதி ஒரு நாளும் பிடுங்குவதில்லை. அந்தத் தெருவில் யாருமே எதையும் பிடுங்குவதில்லை. ஜெனரேட்டர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் செருகியபடியே காத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்தும் எரியவில்லை என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

இன்று மத்தியானம் தூங்கமாட்டேன் என்று ஒரு மணி நேரம் அழுதான். சார்ஜர்தான் போயிருக்கும் என்று நினைத்தவள், தன் போனின் பெரிய சார்ஜரை அந்த ஒயரில் மாட்டினாள். "கரண்ட் வந்ததும் எரியும், பேசாம படு" என்று அதட்டி, சன்னல் பலகைகளை இழுத்து மூடி, கதவையும் சாத்திவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு, கீழே தெருவில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. சமையலறை விளக்கு ஒருமுறை பளீரென்று வெளுத்து அடங்கியது, ஃபிரிட்ஜ் உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது, சார்ஜரில் கிடந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சின்னப் பச்சைக் கண்களைத் திறந்தன.

கத்தரிக்காயைக் குடைந்து அரிசி அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. மாம்பழம். வீட்டில் மாம்பழம் இல்லை.

ஆனால் அது எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். அது அவள் புருஷன் நிஸாரின் இ-சிகரெட் வாசனை. இரண்டு மாதத்துக்கு முன் உபரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பையில் போட்டுக்கொண்டு போனான். சாவி உரசி, பேட்டரி சூடேறி, பேன்ட்டோடு சேர்த்துத் தொடையையும் பொசுக்கியது. உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் தோல் சுருங்கிக் கிடக்கிறது. அன்றைக்கே ஜவாத் தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

பாவி, பிள்ளை தலையில் கை வைத்துவிட்டு மறுபடி ஊதுகிறான். கையைக்கூடக் கழுவாமல் தேடினாள். குளியலறைச் சன்னல் திட்டு, வாஷிங் மெஷினின் பின்புறம், குளிர்காலக் கோட்டுப் பைகள், ஷூக்களின் உள்ளே. ஒவ்வொரு பிளக்கையும் குனிந்து பார்த்தாள். எங்கும் இல்லை. வாசனையோ கூடிக்கொண்டே போனது. மாம்பழத்துக்கு அடியில் வேறொன்று கசிந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடிபோல, மூக்கின் உச்சியில் ஏறி நின்றது. நடையில் இன்னும் அடர்த்தி. ஜவாத்தின் கதவருகே அதைவிட அடர்த்தி.

கைப்பிடியில் கை வைத்தாள். எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் தூங்கியிருக்கிறான், எழுந்தால் சாயங்காலம் முழுக்க நாசம். போனை எடுத்து நிஸாரின் கண்ணாடிக் கடைக்கு அடித்தாள்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"எத?"

"அந்தக் கருமத்தத்தான். வீடெல்லாம் மாம்பழம் நாறுது."

"ஹபீப்தி, என் கண்ணே, கடையில ஆள் நிக்குது. அதான் விட்டுட்டேன்ல. ஜவாத் மேல சத்தியம் பண்ணல?"

"சத்தியம் பண்ணின வாயி இப்ப என்ன சொல்லுதுன்னுதான் கேக்கறேன்."

சிரித்தான். "நான் காலையிலயே கிளம்பி வந்துட்டேன். இங்கேருந்து ஊதினா அங்க மணக்குமா?"

"விளையாடாத நிஸார். நடையில நிக்க முடியல. ஜவாத் கதவுகிட்ட இன்னும் மோசமா இருக்கு."

சிரிப்பு நின்றது.

"கரண்ட் வந்துருச்சா?"

"வந்து அரை மணி நேரம் ஆச்சு. ஏன்?"

"கரடி சார்ஜ்ல இருக்கா?"

"இருக்கு. சனியன் எரியவே மாட்டேங்குது. என் சார்ஜரத்தான் மாட்டி விட்டிருக்கேன்."

கடையில் நின்ற ஆளை அவன் அவசரமாக அனுப்பிவைப்பது கேட்டது.

"நிஸார்?"

"அந்த ஒயரு விளக்குல இல்ல ஹனாதி." குரல் உள்ளே போயிருந்தது. "என்னோட இ-சிகரெட்ல இருக்கு. பஞ்சுக்குள்ள வச்சேன். நீ அங்க மட்டும் தேடமாட்டன்னு. பேட்டரியோட உறை கிழிஞ்சிருந்துச்சு, டேப் சுத்தி வச்சிருந்தேன். உன் சார்ஜர அது தாங்காது. மெயின ஆஃப் பண்ணு. சீக்கிரம்."

மெயின் சுவிட்ச் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடிப்போய் இழுத்தாள். ஃபிரிட்ஜ் அடங்கியது. மின்விசிறி தளர்ந்து, சுற்றி, நின்றது. வீடே மூச்சடைத்ததுபோல் ஆனது.

அந்த அமைதியில் அது கேட்டது.

மெல்லிய சீறல். அடுப்பில் மறந்த பால் விளிம்பில் பொங்கும்போது வரும் சத்தம்.

மின்சாரம் இல்லை. அவளேதான் நிறுத்தினாள். சீறல் நிற்கவில்லை.

கூடியது.

நடை. ஐந்து எட்டு. கைப்பிடி. கத்தரிக்காய்ச் சாறு படிந்த விரல்கள் வழுக்கின. மறுபடி பிடித்தாள். திறந்தாள்.

இருட்டு. மூடிய பலகைகள். கண்ணைக் கரிக்கும் நெடி. கட்டிலில் ஒரு வெளிச்சம்.

கரடி எரிந்தது. மஞ்சளாக இல்லை. வயிற்றுக்குள் சிவப்பாக. அதைச் சுற்றிப் பஞ்சு கறுத்துக் கறுத்துப் பரவிக்கொண்டிருந்தது. வாயின் தையலிலிருந்து இழை இழையாக வெண்புகை.

ஜவாத் விழித்திருந்தான். கரடியின் கழுத்தில் இரண்டு கைகளும். தலையில் கன்னம். அவள் கையிலிருந்த போனில் நிஸார் கத்திக்கொண்டிருந்தான், "தூக்கிப் போடு, வெளிய தூக்கிப் போடு."

"அம்மா, எரியுது பாரு" என்றான் ஜவாத். பிறகு ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினான். "கரடியும் அப்பா மாதிரியே புகை விடுது. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

அவள் பாய்ந்தாள்.

பிடுங்கத்தான் வருகிறாள் என்று நினைத்த பிள்ளை, கரடியை இன்னும் இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.