இரண்டு கொத்துக்கு ஒரு மூச்சு

ஒரு குண்டுகூடச் சுடாமல் ரெமிஜியுஸ் ஐந்தாவது முறையாகத் தோற்றான்.

தூத்துக்குடி சுடுகளத்தில் அன்று கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. வீரர்கள் இருவரும் மேடையேறி, முன்கணிப்பான் என்ற பெட்டிக்குள் ஆளுக்கொரு கையை நுழைத்தார்கள். விரலின் வேகம், கண்ணின் கூர்மை, ஆட்டத்துக்கென்று அவரவர் தேர்ந்த துப்பாக்கி செய்யக்கூடிய சேதம் எல்லாவற்றையும் பெட்டி கூட்டிப் பெருக்கியது. திரையில் இரண்டு எண்கள் வந்தன. சிவகாசி கணபதிராமுக்கு எதிராளியைச் சாய்க்க 54 இமை. ரெமிஜியுஸுக்கு 84. ஒரு நொடியில் நூறு இமை. குறைந்தவன் வென்றான். மொத்தப் போட்டியும் பஜ்ஜி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு காலத்தில் இதைக் கணினித் திரையின் முன் உட்கார்ந்து நிஜமாகவே ஆடினார்களாம். நடுவருக்குத் துணையாக வந்த பெட்டிதான் இது. பத்தாயிரம் ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே சொல்லி, ஒன்றில்கூடத் தவறவில்லை. இது போதாதா நம் ஆட்களுக்கு? பிறகு மெனக்கெட்டு ஆடுவானேன் என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

ஐந்து தோல்வி என்றால் வீரர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், திரும்ப வராது. ஏழு நாளுக்குள் முறையிடலாம் என்று ஒரு விதி பேருக்கு இருந்தது. பெட்டியிடம் போய் என்னவென்று முறையிடுவது? ஒருவரும் போனதில்லை.

ரெமிஜியுஸ் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். பதினேழு வயதில் பட்டியலில் ஏறியவன், இப்போது இருபத்தாறு. தெருக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, அவன் அக்கா ஜெசிந்தா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "பையன் சாப்பிடுதானா?" என்று கேட்டுப் போனார்கள். இல்லை என்று தெரிந்துகொள்வதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

மூன்றாம் நாள் ஜெசிந்தா கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். அவள் ரவிக்கை தைக்கிறவள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு அவள் வாய் சும்மா இருந்ததும் இல்லை.

"ஏல, எந்திரி. தோக்காதவன் உண்டா?"

"தோத்தா பரவால்லக்கா. நான் தோத்தத நானே பாக்கலயே. ஒன்பது வருசமா ஒரு குண்டு சுடல. நான் நல்லா சுடுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது."

ஜெசிந்தா கஞ்சியைக் கிளறினாள். பேச்சை மாற்றுவதற்காக, "அந்த எம்பத்திநாலு எப்டில வந்துச்சு?" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். கணபதிராமுடையது பழைய வகைத் துப்பாக்கி, அவனுடையது புதிதாக வந்த கொத்துத் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று குண்டுகள் ஒரு கொத்தாகப் பாயும். குண்டுக்கு 33, கொத்துக்கு 99 சேதம். கவசத்தோடு சேர்த்து எதிராளியின் உயிர் 198. ஆகவே இரண்டு கொத்து. அவன் விரலுக்கும் கண்ணுக்கும் கொத்து பாய 12 இமை, அடுத்த கொத்துக்கு முன் துப்பாக்கி மூச்சு வாங்க 30 இமை. கொத்துக்கு ஒரு மூச்சு, அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

"ரெண்டு கொத்து இருவத்திநாலு, ரெண்டு மூச்சு அறுவது. எம்பத்திநாலு."

ஜெசிந்தா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏல கூறுகெட்டவனே, ரவிக்கைக்கு அஞ்சு கொக்கி வச்சா எத்தன இடைவெளி?"

"அஞ்சு."

"நாலுல! ரெண்டு கொத்துன்னா நடுவுல ஒரு மூச்சுதான். ரெண்டாவது கொத்துல அவன் செத்துட்டான்லா? அப்புறம் ஒன் துப்பாக்கி யாருக்காவ மூச்சு வாங்குது?"

ரெமிஜியுஸ் திரும்பிப் படுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். இருபத்துநாலும் முப்பதும் ஐம்பத்துநாலு.

பெட்டி சரிபார்க்கப்பட்ட நாளில் கொத்துத் துப்பாக்கி விளையாட்டிலேயே இல்லை. அது வந்தபோது யாரும் ஆடவில்லை. செத்தவனுக்குப் பிறகும் துப்பாக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை எவனும் கவனிக்கவில்லை.

கெடு முடியுமுன் அக்காவும் தம்பியும் முறையிடப் போனார்கள். போட்டிகளை நடத்தும் கணிப்பு மன்றத்தில் ஆவுடையப்பன் என்ற அதிகாரி ஜெசிந்தா கணக்கு எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிதாம்மா. ஆனா பழசெல்லாம் கிளறாதீங்க. இந்த ஒண்ண மட்டும் திருத்துவோம். ரெண்டு பேருக்கும் அம்பத்திநாலு, சமன். சமன் வந்தா ஆடித் தீக்கணும்னு விதி இருக்கு. ரெண்டு பேரும் ஒரே இமையில விழுந்தா ரெண்டு பேருக்கும் தோல்வி. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் ரெமிஜியுஸ். ஒன்பது வருடங்களில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி ஜெசிந்தா கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. நிஜத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று குழந்தைகளின் காதில் பஞ்சு வைத்துக் கூட்டிவந்தவர்களும் உண்டு, அது திரைக்குள் சுடுவது என்றுகூடத் தெரியாமல். இரு வீரர்களும் உட்கார்ந்தார்கள். பெரிய திரையில் ஒரு நீண்ட தாழ்வாரம். அதன் இரு முனைகளில் இருபது அடி இடைவெளியில் இரண்டு உருவங்கள். மணி அடித்தது.

யாரும் சுடவில்லை.

ரெமிஜியுஸுக்குத் தெரியும், சுட்டால் 198-க்கு 198. அதே இமையில் அவனும் விழுவான். ஓரடி பின்னால் வைத்தால் தூரம் கூடிக் குண்டின் சேதம் 32 ஆகும், ஆறு உயிர் மிச்சம் நிற்கும். முன்னால் வைத்தால் எதிராளியின் குண்டும் கனக்கும். முந்திச் சுட்டால்? அதைப் பார்த்து மற்றவன் விரல் எப்போது அசையும் என்பதும் அந்த 54-க்குள் அடக்கம். பெட்டி சொன்னால் சொன்னதுதான். கணபதிராமுக்கும் இதெல்லாம் தெரியும்.

பத்து நிமிடம் கூட்டம் கத்தியது. இருபதாவது நிமிடத்தில் அவரவர் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்து, "புத்திசாலிப் பயலுவ" என்று தலையாட்டத் தொடங்கியது. முப்பதாவது நிமிடத்தில் ஜெசிந்தா எழுந்தாள். 'சுடுல!' என்ற சொல் தொண்டை வரை வந்தது. சுட்டால்? இரண்டு கொத்து, ஒரு மூச்சு, ஐம்பத்துநாலு. அங்கும் ஐம்பத்துநாலு.

உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பதாவது நிமிடத்தில் ஆவுடையப்பன் ஆட்டத்தை நிறுத்தி, முடிவைப் பெட்டியிடமே விட்டார். பெட்டி இதுவரை அறியாத ஒன்றை அன்று அளந்து வைத்திருந்தது: தயக்கம். கணபதிராமின் விரல் ஒரே ஒருமுறை விசையைப் பாதி அழுத்தி மீண்டிருந்தது. ரெமிஜியுஸின் விரல் அசையவே இல்லை. தயக்கம் குறைந்தவன் என்று கணபதிராம் வென்றான்.

மறுவாரம் சுடுகள வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனித் தயக்கத்தையும் பெட்டி முன்கூட்டியே அளந்துவிடும், சமன் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆடித் தீர்க்கும் விதி நீக்கப்படுகிறது. கீழே, இக்குறையைச் சுட்டிக்காட்டிக் கணிப்பை முழுமையாக்க உதவிய தையற்கலைஞர் ஜெசிந்தாவுக்கு மன்றத்தின் நன்றி. வாசல் பலகையிலிருந்த வீரர் பட்டியலில் ஓர் இடம் காலியாகியிருந்ததால் அங்கேதான் ஒட்டியிருந்தார்கள்.

தெருக்காரர்கள் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அக்காவும் தம்பியும் போய்ப் பார்த்தார்கள். ரெமிஜியுஸ் இரண்டு முறை வாசித்தான்.

"எம்பேரு போன எடத்துல ஒம்பேரு வந்துருக்குக்கா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.