மாடியிலிருந்து வந்த இணைப்பு

மூலையிலிருந்த இணையக் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டாராம். எல்வியா ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே வீடு திரும்பினாள். குவெங்கா நகரத்துப் பழைய மண்சுவர் வீடு. உள்ளே ஈர மரத்தின் வாடை மூக்கில் ஏறியது.

கடல் கடந்து ஸ்பெயினில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் அவள் கணவன் ராமிரோ, ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கணினி முன் உட்காருவான். இன்று அவளைக் காணாவிட்டால் சந்தேகப்படுவான். அவன் அண்ணன் செகுந்தோ போன மாதம் இதே வீட்டு மாடியறையில் மாரடைப்பில் இறந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஓடி வருவான். குடியேற்றக் காகிதம் கைக்கு வருமுன் கிளம்பினால், மறுபடி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால்தான், துறைமுகத்தில் வேலை கிடைத்து அண்ணன் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

மோடம் செகுந்தோவின் கணினியோடுதான் இருந்தது. அங்கிருந்து ஒரு கம்பி, பலகைத் தளத்தின் ஓட்டை வழியாக இவள் கணினிக்கு இறங்கும். அவர் தன் கணினியைப் போட்டால்தான் இவளுக்கு இணையம். வேண்டும்போது மாடிக்கு ஏறும் தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவாள். அவர் போட்டுவிடுவார். அவர் போனதிலிருந்து அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள்; இணையத்துக்கு மூலைக் கடைதான்.

கணினியைப் போட்டுப் பார்த்தாள். இணைப்பு இல்லை. தவிப்பில் எழுந்தாள், நடந்தாள், உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கரண்டியை எடுத்துக் குழாயைத் தட்டிவிட்டாள்.

தட்டிய கை அப்படியே நின்றது.

கணினியின் பின்னால் பச்சை விளக்கு கண்சிமிட்டியது.

திரையில் ராமிரோ. அவனுக்குப் பின்னால் கூட்டாளிகளின் இரும்புக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

"எங்கடி போன? கண்ணு பூத்துப்போச்சு!"

"ரொட்டி வாங்கப் போனேன். மழை பிடிச்சுக்கிச்சு."

"எனக்கும் ஒண்ணு அனுப்பேன். இங்க விக்கிறது ரொட்டியில்ல, செங்கல். சரி விடு, இவ்வளவு நேரம் ஞாஞோதான் பேச்சுத்துணை."

அண்ணனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"யா... யாரு?"

"நடிக்காத. துறைமுகத்துலேர்ந்து திரும்பிட்டானாமே, மாடியிலதான இருக்கான்? எழுதிக்கிட்டே இருக்கான் பாரு. இன்னமும் சுருட்டைத் தலையான்னுதான் கூப்பிடுறான். 'தனியா இருக்க முடியலடா, வாடா'ன்னு ஒரே கெஞ்சல். நாளைக்கே டிக்கெட் எடுக்கப் போறேன்."

எல்வியா சாவியோடு மாடிக்கு ஓடினாள். பூட்டைத் திறந்தாள். அணைந்த மெழுகுவத்தியின் நெடி. கணினிமேல் துக்கத்துக்குப் போர்த்திய கறுப்புத் துணி கலையாமல் இருந்தது. சாவன்று அவளே பிடுங்கிய பிளக் தரையில் கிடந்தது.

கணினியைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

கீழே போகும் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

கீழே ராமிரோ எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

தட்டுத்தடுமாறி இறங்கி வந்தாள்.

"ராமிரோ, வராத! உங்கண்ணன் செத்துட்டாரு!"

"என்ன விளையாட்டு இது?"

"நான்தான் அவரு கண்ண மூடிவிட்டேன். சொன்னா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவன்னு மறைச்சேன். வந்துடாத!"

ராமிரோவின் முகம் வெளுத்தது. அவன் கண்கள் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தன. எதையோ படித்தான்.

"என்ன எழுதுறாரு?" அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

"'சரி, நீ வரவேணாம்... நான் வர்றேன்'னு."

மாடிப் பலகைகள் ஒருமுறை முனகி அடங்கின.

ராமிரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், காலிக் கட்டில் ஒன்றின் மெத்தை மெதுவாக நடுவில் அமுங்கியது.