மூட்டையும் போண்டாவும்

மூட்டை என்பது ஒரு கழுதையின் பெயர். கதையில் வரும் கழுதைதான். ஆனாலும் மாரண்டஹள்ளிப் பிள்ளைகளில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது.

மலைமேல், சாலையே இல்லாத ஓர் ஊர். அந்த ஊருக்கு உப்பும் மருந்தும் சுமந்து போகும் கழுதை மூட்டை. கூடவே தேனு என்ற சிறுமி போவாள். முதலில் இது புத்தகமாக வந்தது. பிறகு படமாக வந்தது. தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போது சென்னையிலிருந்து ஒரு குழுவினர் அதையே பெரிய இசை நாடகமாக்கி ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்கும் வந்திருந்தார்கள்.

"சனிக்கிழமை நாம எல்லாரும் பஸ்ல சேலம் போறோம். மூட்டை நாடகம் பாக்க!" என்றார் சசிகலா டீச்சர்.

ஆறாம் வகுப்பே கத்தியது. செல்லி மட்டும் கத்தவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனம் அதைக் கவனித்தாள். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தோழிகள். செல்லி ஏன் இப்படி இருக்கிறாள் என்று அனமுக்குத் தெரியும்.

செல்லி வீட்டில் ஒரு நாய் இருந்தது. குட்டியாக வந்தபோது உருண்டையாக, எண்ணெயில் பொரித்த நிறத்தில் இருந்ததால் போண்டா என்று பெயர் வைத்தார்கள். போன மாதம் தக்காளி ஏற்றிப்போன வண்டி ஒன்றில் போண்டா அடிபட்டுவிட்டது. செல்லி அப்போது பள்ளியில் இருந்தாள். அவள் வீடு திரும்புவதற்குள் அப்பா அதைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டார்.

அன்றிலிருந்து செல்லி அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. டீக்கடையில் யாராவது "ரெண்டு போண்டா குடுங்க" என்றால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு முறைகூட அழவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

"நாடகத்துக்கு வாடி செல்லி," என்றாள் அனம்.

"நான் வரல."

"மூட்டையப் பாத்தா உனக்குச் சிரிப்பு வரும். ஜன்னல் சீட்ட உனக்கே தர்றேன்."

செல்லி பென்சில் முனையை ஊதினாள். "போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டு தடவையும்!"

"சரி, வர்றேன்."

அனமுக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு விஷயத்தை அவள் செல்லியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவும் இல்லை.

படத்தின் கடைசியில், மூட்டை வெள்ளத்தில் சிக்கினாலும் மறுநாள் காலை திரும்பி வந்துவிடும். ஊரே அதற்கு மாலை போட்டு ஆடும். புத்தகத்தில் அப்படி இல்லை. அதில் தேனுவைக் கரையில் சேர்த்துவிட்டு மூட்டை ஆற்றோடு போய்விடும். திரும்பி வராது.

வகுப்பில் புத்தகத்தைப் படித்தவள் அனம் ஒருத்திதான். படித்து முடித்த அன்று அவள் அழுத அழுகையில், அவள் அம்மி என்று கூப்பிடும் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"யாருடி உன்ன அடிச்சாங்க?"

"என்ன இல்ல அம்மி, மூட்டைய! ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சு!"

நாடகம் படம் மாதிரிதான் இருக்கும், மாலையும் ஆட்டமுமாக முடியும் என்று அனம் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பேருந்து கிளம்பியது. அவர்கள் வகுப்புப் பையன் குரு வழியெல்லாம் படத்துப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தான். தொப்பூர் மலைப்பாதையில் அவன் குரல் கரகரத்துவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை.

"கண்ணு, தொண்டைய வெச்சுக்கடா. திரும்பி வர்றப்ப வேணும்ல," என்றார் டீச்சர்.

சேலத்து அரங்கம் அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. சிவப்புத் திரை கூரைவரை உயர்ந்து நின்றது. மேடைக்குக் கீழே வயலினும் தவிலும் கீபோர்டுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

விளக்குகள் அணைவதற்கு முன் நாடகத்தின் இயக்குநர் மேடைக்கு வந்தார். பருத்திச் சேலை கட்டியிருந்தார்.

"படம் பாத்த பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாடகத்த நாங்க புத்தகத்துல இருக்கற மாதிரியேதான் செஞ்சிருக்கோம், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். பாருங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். அனமின் கைகள் பாதியில் நின்றுவிட்டன.

கடைசி வரைக்கும் என்றால்?

திரை விலகியது. மேடையில் ஒரு மலையே நின்றது. அதன் பின்னாலிருந்து இரண்டு நீளமான காதுகள் எட்டிப் பார்த்தன. அரங்கமே "ஏய்!" என்று கூவியது.

பிரம்பாலும் துணியாலும் செய்த கழுதை அது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அது தலையைச் சாய்த்து, ஒரு காதை மட்டும் ஆட்டி, தேனுவின் பையிலிருந்த முறுக்கைத் திருடியபோது யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

செல்லி சிரித்தாள். முதலில் மூக்கால்தான் சிரித்தாள். பிறகு, மூட்டை ஏற்றத்தில் நகர மாட்டேன் என்று பாட்டு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் சிரிப்பதை அனம் கேட்டாள்.

அதைக் கேட்கக் கேட்க அனமுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

இடைவேளையில் எல்லோரும் வெளியே வந்து சமோசா தின்றார்கள்.

"கடைசில மாலை போட்டுட்டு வரும்ல, அத எப்படிச் செய்வாங்கன்னு பாக்கணும்," என்றாள் செல்லி. அவள் கண்கள் மின்னின. "நல்லவேள, நீ என்னக் கூட்டிட்டு வந்த."

அனம் கடித்த சமோசாவைக் கையிலேயே வைத்திருந்தாள். நான்தானே இவளைக் கூட்டி வந்தேன் என்று நினைத்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள்.

அனம் சட்டென்று வயிற்றின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர்! வயிறு வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குதுங்க. செல்லி என்கூட இருக்கட்டுங்க."

சசிகலா டீச்சரின் கைப்பையில் இல்லாத பொருள் கிடையாது. ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்தார். "ஓமத் தண்ணி. மடக்குன்னு குடி."

"இல்லைங்க டீச்சர், பரவால்லைங்க, உக்காந்தாவே சரியாயிடும்."

"குடிம்மா."

குடித்தாள். காது வழியாகப் புகை வருவது போலிருந்தது. "இன்னொரு மூடி," என்றார் டீச்சர். அதையும் குடித்தாள்.

அதற்குள் உள்ளே நாடகம் தொடங்கிவிட்டது. பாடகர்களோடு சேர்ந்து இன்னொரு கரகரத்த குரலும் கேட்டது.

"ஐயோ, இந்தக் குரு!" என்று டீச்சர் எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் இங்கியே உக்காந்திருங்க. நான் உள்ளாற போயிட்டு வந்துடறேன்."

கூடத்தில் இருவரும் தனியாக உட்கார்ந்தார்கள். மூடிய கதவுக்கு அப்பால் வயலின்கள் கேட்டன.

"இப்ப மழை வருது," என்றாள் செல்லி. "அனம், போலாமா?"

"இன்னும் வலிக்குது."

"எங்க?"

அனம் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"டீச்சர்கிட்ட சொன்னப்ப இடது பக்கத்தப் புடிச்சிருந்த!" செல்லி அவளை உற்றுப் பார்த்தாள். "பொய்தானே?"

அனம் தலை குனிந்தாள். இன்னொரு பொய் சொல்லலாம். சொன்னால் செல்லி நம்பக்கூடும். ஆனால் அதற்கப்புறம்? திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் பேசத்தான் போகிறார்கள்.

"செல்லி, புத்தகத்துல மூட்டை திரும்பி வராது," என்றாள். "ஆத்துல போயிடும். நாடகத்துலயும் அப்படித்தான் செய்யப் போறாங்க. எனக்கு முன்னாடியே தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா உன்னக் கூட்டிட்டு வந்திருக்கவே மாட்டேன்."

செல்லி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேனு பக்கத்துல இருப்பாளா?" என்று கேட்டாள்.

"இருப்பா. கரையில நின்னு கூப்பிட்டுட்டே இருப்பா."

"நான் இல்லையே." செல்லியின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "நான் ஸ்கூல்ல இருந்தேன். வூட்டுக்குப் போனா மண்ணு மூடியிருந்துச்சு. எனக்கு யாரும் காட்டவே இல்ல அனம். எங்கிட்ட சொன்னா அழுவேன்னு, அதப் பத்தி வூட்ல யாரும் பேசறதுகூட இல்ல."

அனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானும்தான் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேசாமல் இருப்பதே நல்லது என்று எண்ணியிருந்தாள்.

"நான் அதப் பாக்கணும்," என்றாள் செல்லி. "நீ கூட இருப்பியா?"

"இருக்கேன். வா!"

இருவரும் கதவுக்கு ஓடினார்கள். அங்கே ஓர் அக்கா கையில் டார்ச்சோடு நின்றிருந்தார்.

"இப்பப் போகக் கூடாது பாப்பா. இருட்டுல எடத்தத் தேடினா எல்லாருக்கும் மறைக்கும். இந்தப் பாட்டு முடியட்டும்."

"பாட்டு முடிஞ்சா ஆறு வர்ற காட்சி போயிடுங்கக்கா!" என்றாள் அனம். "நாங்க எடத்துக்குப் போகல. கடைசில செவுத்த ஒட்டி நின்னுக்கறோம். சத்தம் போட மாட்டோம். இவ அதப் பாத்தே ஆகணுங்கக்கா."

அந்த அக்கா செல்லியின் முகத்தைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, கதவை ஓசையில்லாமல் ஒருக்களித்துத் திறந்தார்.

உள்ளே மழை. தவில் இடி போல முழங்கியது. நீலத் துணி ஒன்று மேடை முழுக்க விரிந்து, சுருண்டு, எழுந்து வந்துகொண்டிருந்தது. துணிதான். ஆனால் அனம் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

நடு ஆற்றில் மூட்டை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேனு. மூட்டை தத்தித் தத்திக் கரைக்கு வந்தது. தேனுவை மூக்கால் முட்டி மேலே தள்ளியது. தேனு கரையில் விழுந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் பெரிய அலை ஒன்று வந்தது. இரண்டு நீளக் காதுகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன.

"மூட்டை!" என்று தேனு கூப்பிட்டாள். பாட்டாக இல்லை, வெறும் குரலில். "மூட்டை!"

"போண்டா," என்றாள் செல்லி.

மிக மெல்லத்தான் சொன்னாள். சொன்னதும் அவள் தோள்கள் குலுங்கின. அழுதாள். ஒரு மாதமாக அழாததை எல்லாம் அழுதாள். அனம் "அழாதடி" என்று சொல்லவில்லை. தன் துப்பட்டாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தாள். மறுமுனையில் தன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் இருந்த கடைசி வரிசையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

நாடகம் அங்கே முடியவில்லை. மலையூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தேனுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூட்டை என் சட்டையைத் தின்றது என்றான் ஒருவன். எங்கள் பாடப்புத்தகத்தைத் தின்றது, அதற்கு நன்றி என்றான் இன்னொருவன். அதெல்லாம் சேர்ந்து ஒரு பாட்டானது. தேனு அழுதுகொண்டே சிரித்தாள். அரங்கமே தாளம் போட்டது. செல்லியும் போட்டாள்.

கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். மூட்டையும் வந்தது. அதன் முதுகு திறந்தது. உள்ளேயிருந்து வியர்வையில் குளித்த இரண்டு பேர் வெளியே வந்தார்கள். பின்னங்காலாக இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா!" என்று நிமிர்ந்தார். அனமும் செல்லியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வெளியே டீச்சர் தேடிக்கொண்டு வந்தார். "உங்கள எங்கெல்லாம் தேடறது? வயிறு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சுங்க டீச்சர்."

"பாத்தியா, ஓமத் தண்ணின்னா சும்மாவா!" என்றார் டீச்சர் பெருமையாக. செல்லி அனமின் கையைக் கிள்ளினாள்.

பேருந்து சேலத்தைத் தாண்டியது. பிள்ளைகள் களைத்துப் போயிருந்தார்கள். குருவுக்குக் குரலே எழும்பவில்லை. செல்லி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அனமும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"செல்லி," என்றாள் கடைசியில். "போண்டா என்னெல்லாம் தின்னும்?"

செல்லி திரும்பினாள். அவள் முகம் சுருங்குமோ என்று அனம் பயந்தாள். சுருங்கவில்லை.

"தக்காளி தின்னும்," என்றாள் செல்லி. "பழுத்ததாப் பாத்துத் தின்னும். காயத் தொடாது. எங்கப்பா சொல்வாரு, வியாபாரிய விட இது நல்லாப் பொறுக்குதுன்னு. ஒரு தடவ எங்க மாமா கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போக வெச்சிருந்த புதுச் செருப்புல ஒண்ண எடுத்துட்டுப் போயிடுச்சு…"

"அப்புறம்?" என்று முன் இருக்கையிலிருந்து குருவின் கரகரத்த குரல் கேட்டது.

"அப்புறம் எங்க மாமா ஒத்தச் செருப்போட தோட்டம் பூரா தொரத்தினாரு. அது நின்னு நின்னு, அவர் வர்றாரான்னு திரும்பிப் பாத்துட்டு ஓடுது!"

பின் இருக்கைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். டீச்சரும் தலையைத் திருப்பினார். செல்லி கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். போண்டாவைப் போல ஓடிக் காட்டினாள், மாமாவைப் போல மூச்சு வாங்கினாள். தருமபுரி போனது. பாலக்கோடு போனது. செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

மாரண்டஹள்ளியில் பேருந்து நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நீ சொல்லு பாப்பா," என்றார்.